ஒரு மணி பதினைந்து நிமிஷம்

சென்னைக்கும் மதுரைக்கும் ஆகாய மார்க்கமாக உள்ள தூரம் ஏறத்தாழ 417 கிலோமீட்டர். ரயிலில் இதுவே 490க்கு மேல் ஆகிறது. சாலையில் 460ஐ ஒட்டி வரும். விமானக் கம்பெனிகளின் கால அட்டவணைகள் ஒரு மணி பதினைந்து நிமிஷம் என்று போடுகின்றன, சில இருபது என்று. இந்த எண்களைப் பல வருஷங்களாக மனப்பாடமாக வைத்திருந்தேன். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், என் ஊர் மயிலாடும்பாறை, அம்மா அங்கே இருக்கிறாள், அதனால் என்று சொல்லியிருப்பேன். அந்தப் பதிலில் இருந்த பொய்யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எண்களையே பார்த்துவிடலாம். 417 என்பது பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இழுக்கக்கூடிய ஆகச் சிறிய வளைகோட்டின் நீளம். எந்த விமானமும் அந்தக் கோட்டின் மேல் அப்படியே போவதில்லை. ஓடுபாதை எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறதோ அந்தப் பக்கமாக எழும்பி, திரும்பி, ஒழுங்கு செய்யப்பட்ட பாதையில் போய், மறுபடி திரும்பி இறங்குகிறது. ஒரு மணி பதினைந்து நிமிஷம் என்பதும் பறக்கிற நேரம் ஆகாது. சக்கரத்தடியிலிருந்து கட்டையை எடுத்தது முதல் மறுபடி சக்கரத்தடியில் கட்டை வைக்கிறவரை ஆகும் நேரம் அது, கொஞ்சம் தாமதத்துக்கும் இடம் வைத்து. காற்றில் இருப்பது ஐம்பது நிமிஷம், ஐம்பத்தைந்து நிமிஷம். விமானிகள் தூரத்தைக் கடல் மைலில் கணக்கிடுகிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாக வகுத்த ஒரு பங்கு, அதாவது ஒரு நிமிஷம். இந்த நிமிஷம் கோணத்தினுடையது, கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒரே சொல் தூரத்துக்கும் நேரத்துக்குமாக நிற்பதில் எனக்கு ஒரு சுவாரஸ்யம் உண்டு, ஏனென்றால் தமிழில் இது ஏற்கனவே நடந்த காரியம்.

நாழிகை என்பது 24 நிமிஷம். 'நாழிகை வழி' என்பது ஒரு தூர அளவு, ஏறக்குறைய ஒன்றரை மைல். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன: ஆரோக்கியமான ஒரு ஆள் சுமையில்லாமல் 24 நிமிஷத்தில் ஒன்றரை மைல் நடந்துவிடுவான். அந்த அளவுக்குள் ஒரு உடம்பு இருந்தது. கூப்பிடு தூரம் என்பதற்குள் ஒரு தொண்டை இருந்ததைப்போல. எங்கள் ஊரில் என் சிறு வயதில், "ஒரு பீடி குடிக்கிற தூரம்" என்று வழி சொல்வார்கள். பீடி குடிக்காதவர்களுக்கும் அது புரிந்தது. நாழிகை வழிக் கணக்கில் சென்னையிலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் நடக்க, இடைவிடாமல் நடந்தால், எழுபது மணி நேரம் ஆகும். விமானத்தின் ஒரு மணி பதினைந்து நிமிஷத்துக்குள் யாருடைய உடம்பும் இல்லை. உட்கார்ந்திருக்கிறோம். தண்ணீர் பாட்டில் வருகிறது. ஜன்னலோரம் கிடைத்தவன் மேகம் பார்க்கிறான், மற்றவர்கள் தூங்குகிறார்கள்.

மயிலாடும்பாறை எங்கே இருக்கிறது என்று தெரியாத நண்பர்கள் உண்டு. ஆண்டிபட்டிக்குத் தெற்கே, வருசநாட்டு மலைகளுக்குள் நுழைகிற பள்ளத்தாக்கில், மூல வைகையை ஒட்டிக் கிடக்கிற ஊர். பக்கத்துக் கடமலைக்குண்டையும் சேர்த்துக் 'கடமலை-மயிலை' என்பார்கள். தென்னையும் இலவமும் அதிகம். காய் வெடிக்கிற பருவத்தில் இலவம் பஞ்சு காற்றில் மிதந்து வந்து தலையிலும் சோற்றிலும் விழும். 258 கிலோமீட்டர் ஓடுகிற வைகை (ஓடுகிற என்பதை மரியாதைக்காகச் சொல்கிறேன்) எங்களுக்கு மேலே உள்ள மலைகளில்தான் பிறக்கிறது. அதன் பேரை 1977 ஆகஸ்ட் 15 அன்று மதுரையிலிருந்து சென்னைக்கு விட்ட பகல் ரயிலுக்கு வைத்தார்கள். ஆறு மதுரைக்கு வந்து சேராத வருஷங்களிலும் ரயில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

மதுரையில் விமானத்தைவிட்டு இறங்கியவன் எங்கள் ஊர் போக வேண்டுமானால் செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், ஆண்டிபட்டி, க.விலக்கு, கண்டமனூர், கடமலைக்குண்டு என்று போக வேண்டும். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். காகத்துக்கு எழுபதுக்குள் முடிந்துவிடும். காகத்தின் கணக்கை நம்பினால் இன்னும் விசித்திரமான விஷயங்கள் வெளிப்படுகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் சின்னமனூர், நேர்கோட்டில் இருபது கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ('எழுத்து' செல்லப்பா பிறந்த ஊர். புத்தகங்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போன மனிதர். தூரத்தைப் பற்றி எழுத என்னைவிட அவருக்குத் தகுதி அதிகம்.) பஸ்ஸில் போனால் தேனியைச் சுற்றி மூன்று மடங்கு. தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், அதுவும் மலைக்கு மறுபக்கம்தான். என் தாத்தா ஆடிப்பூரத் தேருக்கு விடியற்காலம் கிளம்பி மலையேறி இறங்கி, பொழுது சாய அங்கே இருப்பாராம். அவருக்கு மதுரை தூரம், ஸ்ரீவில்லிபுத்தூர் கிட்டம். அப்பா காலத்தில் பஸ் வந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் தூரமாகிவிட்டது. மலையைக் குறுக்காகக் கடக்க ஒரு சாலை வேண்டும் என்று பள்ளத்தாக்கு ஜனங்கள் கேட்டுக்கொண்டிருப்பது பழைய கதை. 2021இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாகிவிட்டது. புலிக்கு இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூர் கிட்டம்தான்.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், வேகம் தூரத்தைக் குறைக்கிறது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். என் அனுபவத்தில் அது தூரத்தை இடம் மாற்றி வைக்கிறது. ஒரு இடத்தில் எடுத்ததை இன்னொரு இடத்தில் போடுகிறது. எங்கே போடுகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

அப்பா 1983இல் ஐப்பசி மாசத்தில் இறந்தார். விடியற்காலை நேரம். அண்ணன் ஆண்டிபட்டிக்குப் போய்த் தந்தி கொடுத்தார். சென்னையில் என் ஆபீசுக்கு அது வந்து சேர்ந்தபோது பகல் மூன்று மணி. பாண்டியன் எக்ஸ்பிரஸ்ஸில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில், கக்கூஸ் பக்கத்தில் நின்றும் குந்தியும் மதுரை வந்து, அங்கிருந்து பஸ், அப்புறம் ஒரு பஸ், வீட்டு வாசலை மிதித்தபோது மறுநாள் காலை பதினோரு மணி. முதல் நாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மூத்தவன்தான் தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டும் என்பதால் எனக்காகக் காத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. முற்றம் கழுவி ஈரமாக இருந்தது. பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு, யாரோ ஏதோ சொன்னதற்கோ சொல்லப் போவதற்கோ பதிலாக, எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்: "அம்புட்டுத் தூரத்துலருந்து வரணும்ல. புள்ளைக்கு என்ன றெக்கையா கட்டியிருக்கு?"

அந்த வார்த்தையை நான் நாற்பது வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். அதில் இருந்த கருணையை அப்போது நான் உணரவில்லை. தூரம் எனக்காக வாதாடியது. நான் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனதற்கு நான் காரணமில்லை, 490 கிலோமீட்டரும் தந்தி இலாகாவும் மீட்டர்கேஜ் பாதையும் காரணம். ஆண்டிபட்டியிலிருந்து தேனி போகிற வழியில் எங்கள் ஊருக்குத் திரும்புகிற இடத்துக்குப் பெயர் க.விலக்கு, கண்டமனூர் விலக்கு. கிளைச் சாலை பிரிகிற இடத்தைத் தெற்கே விலக்கு என்போம். வேறொரு அர்த்தத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. தூரம் அந்த விலக்கைத்தான் எனக்குக் கொடுத்தது.

அம்மா அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்தாள், அண்ணன் வீட்டில். எண்பதுகளில் மாசம் ஒரு இன்லண்ட் கடிதம் எழுதுவேன். அண்ணன் மகள் படித்துக் காட்டுவாள். இந்த நாட்டில் தபால் விமானத்தில் ஏறியது பயணிகளுக்கு வெகு முன்பாக: 1911 பிப்ரவரியில் அலகாபாத்திலிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்குக் கடிதங்கள் பறந்தன, 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளைக் கொண்டுவந்தார், அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு. கடிதம் நேர்மையான பொருள் என்று தோன்றுகிறது. எழுதியவன் வரவில்லை என்பதை அது தன் இருப்பாலேயே ஒப்புக்கொள்கிறது. எழுதி நாலு நாள் கழித்துப் படிக்கப்படும் என்று தெரிந்தே எழுதுகிறோம். அந்த நாலு நாள் கடிதத்துக்குள் இருக்கிறது. பொங்கலுக்கும் ஆடிக்கும் வருகிறேன் என்று எழுதினால் அது ஒரு வாக்கு. லீவு கேட்டு, டிக்கெட்டுக்கு வரிசையில் நின்று, தேதி குறித்தாகிவிட்டது. தேதி குறித்த பிறகு போகாமல் இருப்பது பெரிய காரியம்.

பிறகு டெலிபோன் வந்தது, கையிலேயே வந்தது. விமான டிக்கெட்டும் என்னைப் போன்றவன் முன்கூட்டி வாங்கினால் தாங்கக்கூடிய விலைக்கு வந்தது. தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது. கடிதம் எழுதுவதை எப்போது நிறுத்தினேன் என்று ஞாபகமில்லை. மதுரைக்கு முதல் தடவை விமானத்தில் போன அன்று, கண்மாய்கள் கண்ணாடித் துண்டுகளாகக் கீழே தெரிந்தபோது, ஒரு சிறுவனின் சந்தோஷம் இருந்தது எனக்கு. சாயங்காலம் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, காலையில் சென்னையில் காப்பி குடித்தேன் என்று சொன்னேன். அவள் நம்பாதவளைப்போல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் பலமுறை போயிருக்க வேண்டும்.

போகவில்லை. இதுதான் விஷயம். ரயிலில் பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஆன காலத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை தவறாமல் போனவன், ஒரு மணி பதினைந்து நிமிஷம் ஆன பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை என்று ஆனேன். பணம் காரணமில்லை, வேலையும் உண்மையில் காரணமில்லை. "எப்பய்யா வர்றே?" என்று அம்மா போனில் கேட்பாள். "ஒரு மணி நேரந்தானம்மா, நெனச்சா வந்துருவேன்" என்பேன். அதைச் சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்ற பிரக்ஞை துளியும் இல்லை. நினைத்தால் வந்துவிடலாம் என்பது வாஸ்தவம். எந்த நாளும் போகக்கூடிய நாளாக ஆகிவிட்டதால், போகவேண்டிய நாள் என்று ஒன்று இல்லாமல் போனது. ஐந்து நிமிஷத்தில் இருக்கிற கோயிலுக்குள் பல வருஷமாகப் போகாதவர்களை எனக்குத் தெரியும்; அவர்களே சபரிமலைக்கு விரதமிருந்து போகிறார்கள்.

2023 மாசியில் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு அண்ணன் கூப்பிட்டார். காலை முதல் விமானம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால். மூன்றரைக்கெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பி, மீனம்பாக்கத்தில் பெல்ட்டைக் கழற்றி, செருப்பைக் கழற்றி, கண்ணாடிக் கூரைக்குக் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். மதுரையில் இறங்கி வாடகைக் காரில் கணவாய் தாண்டி வீடு சேர்ந்தபோது பதினொன்றரை. பத்து மணி நேரம். அதில் நான் காற்றில் இருந்தது 52 நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அம்மா ஐஸ் பெட்டியில் இருந்தாள். தாய்க்கு இளையவன்தான் கொள்ளி வைக்க வேண்டும், ஆகவே காத்திருந்தார்கள்; பெட்டி இருப்பதால் காத்திருப்பதில் சிரமமும் இல்லை. விமானமும் பெட்டியும் ஒன்றுக்கொன்று உதவுகிற யந்திரங்கள் என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது. முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியில் என் மூச்சு படிந்து மறைந்தது. பெரியம்மா இல்லை, அவள் போய்ப் பல வருஷம் ஆகிறது. யாரும் எனக்காக எதுவும் சொல்லவில்லை. உறவுக்காரர் ஒருவர் மட்டும், "பரவால்ல, ப்ளேன்ல சட்டுன்னு வந்துட்டாப்ல" என்றார். அது பாராட்டு.

அவள் கடைசியாக என்னை நேரில் பார்த்து பதினோரு மாசம் ஆகியிருந்தது.

பீட்டர் சிங்கர் 1972இல் பிரசுரித்த ஒரு கட்டுரையைப் பற்றி நம் வட்டத்தில் முன்பு பேசியிருக்கிறோம். 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளின் பட்டினியை முன்வைத்து எழுதியது. கண்ணெதிரே குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றக் கடமைப்பட்டவன், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் சாகிற குழந்தைக்கும் அதே அளவு கடமைப்பட்டவன். தூரம் ஒழுக்கத்தில் கணக்கில் வராது என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் நேர்மை எனக்குப் பிடிக்கும். முன்பின் தெரியாதவனைப் பொறுத்தவரை அவரை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அவர் தூரத்தை ஒரு சாக்காக மட்டும் பார்க்கிறார், அது விழுந்துவிட்டால் கடமை தானாக வெளியே வந்து நிற்கும் என்பதுபோல. என் விஷயத்தில் சாக்கு விழுந்தது, கடமை வெளியே வரவில்லை. அதற்கு நிற்க ஒரு தேதி வேண்டியிருந்தது. தேதியைக் கொடுத்துக்கொண்டிருந்தது தூரம்.

காண்ட் பக்கமாக யோசித்தால் இன்னும் சங்கடம். ஒன்றைச் செய்ய முடிந்தால்தான் செய்ய வேண்டும் என்பதற்கு இடமுண்டு. 1983இல் என்னால் முடியாது, ஆகவே குற்றமில்லை. விமானம் என் 'முடியும்' என்பதைப் பெரிதாக்கியது. அப்படியானால் 'வேண்டும்' என்பதும் கூடவே வளர்ந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், முடியும் என்பதையே செய்ததற்குச் சமமாக வைத்துக்கொண்டேன். ஒரு மணி பதினைந்து நிமிஷம் என்ற எண்ணை மனசில் வைத்திருந்ததே அம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததுபோல ஒரு திருப்தியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அகராதி வாங்கி வைத்தவன் மொழி தெரிந்தவனாகத் தன்னை நினைத்துக்கொள்வது மாதிரி.

காம்யுவின் 'அந்நியன்' இங்கே ஞாபகம் வராமல் இருக்காது. வெ. ஸ்ரீராமின் தமிழில் 1980இல் வந்தபோது அதை நாம் அபத்தம், இருத்தல் என்றெல்லாம் வாசித்தோம். இப்போது படிக்கிறபோது எனக்கு அதில் ஒரு கால அட்டவணை தெரிகிறது. தாய் இறந்துவிட்டாள் என்று தந்தி. அந்த விடுதி இருக்கும் ஊர் அல்ஜியர்ஸிலிருந்து 80 கிலோமீட்டர். மெர்சோ உடனே பஸ்ஸைக் கணக்குப் போடுகிறான்: இந்த பஸ்ஸில் போனால் இத்தனை மணிக்கு, ராத்திரி முழிப்பு, மறுநாள் திரும்பிவிடலாம். வழி முழுக்கத் தூங்குகிறான். முன்பு அம்மாவைப் பார்க்கப் போகாததற்கு அவன் சொல்லும் காரணங்களில் ஒன்று, பஸ் பிடித்து, டிக்கெட் எடுத்து, இரண்டு மணி நேரம் பிரயாணம் செய்கிற அலுப்பு. கோர்ட்டில் அவனைத் தண்டித்தது அவன் அழாததற்காக என்று சொல்லி வந்திருக்கிறோம். 80 கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை என்பதும் அந்தக் கோர்ட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாயிரம் கிலோமீட்டராக இருந்திருந்தால் அவன் அம்மாவை விடுதியில் விட்டதைக் குறித்து யார் பேசியிருப்பார்கள்? வேறு ஒரு நாவல் வந்திருக்கும், அல்லது நாவலே வந்திருக்காது.

இதன் கைப்பிரதியைப் படித்த கவி நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். மாட்டு வண்டிக்கு ஏங்குகிற கட்டுரை என்றார். தூரம் உங்களுக்குத் தேதி கொடுத்ததாக எழுதுகிறீர்கள், உங்கள் மலையில் தூரம் ஆட்களைக் கொன்றிருக்கிறது என்றார். அவர் சொல்வது சரி. தேனி மாவட்டத்து மலைக் குடியிருப்புகளில், அகமலைப் பக்கம் போன்ற இடங்களில், சாலையில்லாமல் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவதை இந்தப் பத்தாண்டிலும் பத்திரிகையில் படித்திருக்கிறோம். பிரசவ வலியோடு தூக்கி வரப்படுகிறவளிடம் போய்த் தூரத்தின் கருணையைப் பற்றி நான் பேச முடியாது. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் போட்ட ரயில் பாதையை அகலப்படுத்துவதற்காக 2010 கடைசியில் மூடினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வர 2022 மே ஆயிற்று. அந்தப் பதினோரு வருஷம் பஸ்ஸில் நெரிந்தவர்களுக்கு மெதுவான பிரயாணத்தில் தத்துவம் ஒன்றும் அகப்பட்டிருக்காது. வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மா முகத்தை நான் பார்த்தது விமானத்தால்தான், அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்பா முகம் எனக்கு இன்றைக்கும் உயிரோடு இருந்த முகமாகவே நிற்கிறது என்பதும், அதனாலேயே சில கனவுகளில் அவர் செத்ததை நான் நம்புவதில்லை என்பதும் வேறு.

நண்பருக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். டோலியில் வருகிறவளுக்கும் எனக்கும் தூரம் ஒரே பொருள் கிடையாது. அவளுக்கு அது கடக்கவேண்டிய மலை. எனக்கு அது ஒரு கணக்கு. கான்கார்டு 1977இலிருந்து 2003 வரை லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் போனது. ஐந்து மணி நேர வித்தியாசம் இருப்பதால், புறப்பட்ட நேரத்துக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்துவிட்டதாக அங்கே கடிகாரம் காட்டும். அதில் போனவர்கள் இதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நானும் காலையில் சென்னையில் காப்பி குடித்ததைச் சொல்லிச் சந்தோஷப்பட்டவன்தான். மிச்சப்பட்ட மணி நேரங்களை எங்கே வைத்தேன் என்று அந்த மாசியிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். ரயிலில் போயிருந்தால் ஆகியிருக்கும் பதினான்கு மணி நேரத்தில் ஒரு மணியும் கால் மணியும் போக மீதி எல்லாம் என்னிடம் வந்திருக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பன்னிரண்டே முக்கால். அதை அம்மாவுக்குக் கொடுக்கவில்லை என்பது தெரியும். கவிதை எழுதவுமில்லை, நண்பர்களுக்கு அதுவும் தெரியும்.

2023 ஜூனில் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரத்துக்கு மூன்று நாள் என்று ஒரு ரயில் விட்டார்கள். மறு வருஷம் அம்மாவின் முதல் திதிக்கு அதில் டிக்கெட் எடுத்தேன். எந்த மூன்று நாள் என்று பார்த்து, திதிக்கு முந்தின ரயில் எது என்று பார்த்து, அண்ணனுக்குப் பதினைந்து நாள் முன்பே தேதி சொன்னேன். அவர் குரலில் ஒரு சந்தேகம் இருந்தது. காலையில் தேனி ஸ்டேஷனுக்கே வந்திருந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடை கொஞ்சம் தளர்ந்து. பையை நான் கொடுக்கவில்லை, அவரே பிடுங்கிக்கொண்டார்.

"எம்புட்டு நேரமாச்சு?"

"பத்து மணி நேரம் ஆச்சுண்ணே."

"ப்ளேன்ல வந்துருக்கலாம்ல" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் மயிலாடும்பாறை வழியாக வருசநாடு போகிற வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இன்னும் ஏறவில்லை. ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.